வில் ஒட்டும்போது நடக்கும் தவறுகள்

மரத்தகடுகளையும் ஃபைபர்கிளாஸ் தகடுகளையும் வளைந்த அச்சின்மேல் அடுக்கி, எபாக்சிப் பசையால் ஒட்டி வில் செய்கிறேன். அப்படி நான் ஒட்டிய இரண்டாவது வில் நான்கு நாள்தான் தாங்கியது. ஐந்தாம் நாள் நாணை முழுதாக இழுக்கையில் கைப்பிடிக்குச் சற்று மேலே 'டக்' என்று ஒரு சத்தம். வாய் பிளந்த இடத்தில் கத்தியைச் செருகிப் பிரித்துப் பார்த்தேன். பெரும்பாலான பரப்பில் மரநார்கள் பிய்ந்து ஃபைபர்கிளாஸோடு வந்திருந்தன. ஒட்டு நன்றாகப் பிடித்ததற்கு அதுதான் அடையாளம். நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு திட்டு மட்டும் மெருகேற்றியதுபோலப் பளபளத்தது. அங்கே எபாக்சி எதிர்ப்பக்கத்தைத் தொடவே இல்லை. காற்றில் இருந்தபடியே இறுகிப்போயிருந்தது.

இப்படி நேர்ந்ததும் பசையைத் திட்டிவிட்டு வேறு பசை வாங்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் வில் பிளப்பதற்கான காரணம் பெரும்பாலும் பசை டப்பாவைத் திறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகிறது.

முதல் குற்றவாளி, கைப்பிடிக் கட்டை இரண்டு பக்கமும் சரிந்து மெலிந்து முடியும் இடம். அந்தச் சரிவு அச்சின் வளைவோடும் மேலே வரும் தகடுகளோடும் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். முனை, விளக்கைப் பின்னால் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குக் காகிதம்போல் மெலிந்திருக்க வேண்டும். முனையை ஒரு மில்லிமீட்டர் தடிமனில் விட்டுவிட்டால், வளைவு அந்த இடத்தில் சட்டென்று முட்டி நிற்கும். அழுத்தமெல்லாம் அங்கேயே குவியும். "சின்ன இடைவெளிதானே, எபாக்சி நிரப்பிக்கொள்ளும்" என்பது ஆபத்தான சமாதானம். நிரப்பும்தான். ஆனால் வில் வளையும்போது முதுகுப்பக்கம் (எய்பவருக்கு அப்பால் உள்ள பக்கம்) இழுபடுகிறது, வயிற்றுப்பக்கம் (எய்பவரைப் பார்த்த பக்கம்) நசுங்குகிறது, இடையில் உள்ள அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவப் பார்க்கின்றன. அந்த நழுவலைத் தடுப்பதுதான் பசையின் வேலை. மெல்லிய படலமாக இருக்கும்வரை அதைச் செய்யும். கட்டியாகத் தேங்கிய எபாக்சி நொறுங்கும் தன்மை உடையது. ஆயிரம் அம்பு எய்வதற்குள் விரிசல் விட்டுவிடலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பசையில்லாமல் முழு ஒத்திகை பார்ப்பது. எல்லாத் தகடுகளையும் அச்சில் அடுக்கி, கிளாம்ப் எல்லாவற்றையும் போட்டு, பின்னால் விளக்கை வைத்துப் பாருங்கள். வெளிச்சம் தெரிகிற இடத்தில் பசை போதாது. இழைத்துச் சரிசெய்ய வேண்டும். கிளாம்பை இன்னும் முறுக்கினால் இடைவெளி மறைகிறதே என்று மகிழ வேண்டாம். வலுக்கட்டாயமாக மூடிய இடம் பிறகு திறந்துகொள்ளத்தான் பார்க்கும்.

ஒத்திகையில் இன்னொரு லாபம் உண்டு. உள்ளே வைக்கும் மரத்தகடுகள் ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் இருக்கும். தடித்த முனைகள் நடுவில் சந்திக்க வேண்டும். பசை பூசிய கையோடு நிற்கும்போது எந்த முனை எது என்று தெரியாது. பக்கவாட்டு விளிம்பில் பென்சிலால் குறித்துவிடுங்கள். தடிமனில் அலட்சியம் கூடாது: வில்லின் விறைப்பு தடிமனின் முப்படிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்ப உயர்கிறது. மொத்தத் தடிமன் பத்தில் ஒரு பங்கு கூடினால் விறைப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

பரப்பைத் தயார்செய்வதில் அழகுணர்ச்சிதான் எதிரி. மரத்தை நைஸ் உப்புத்தாளால் வழவழப்பாக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒட்டும் முகத்துக்கு 60 எண் தாள் விட்ட கீறல்களே நல்லது. வில்லுக்கென வரும் ஃபைபர்கிளாஸில் ஒரு முகம் சொரசொரப்பாகவே வரும். அதுதான் உள்ளே போக வேண்டும். அசிடோனில் நனைத்த வெள்ளைத் துணியால், துணியில் அழுக்கு வருவது நிற்கும்வரை துடையுங்கள். துடைத்தபின் விரல் படக்கூடாது. ரோஸ்வுட் போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மரமென்றால் ஒட்டுவதற்குச் சற்று முன்பு இன்னொரு முறை துடைப்பது அவசியம்.

எபாக்சி என்பது பிசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் சேர்ந்த கலவை. அதைக் கண் மதிப்பில் ஊற்றாதீர்கள். கன அளவு விகிதமும் எடை விகிதமும் ஒன்றல்ல. டப்பாவில் எது போட்டிருக்கிறது என்று படியுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூடுதலாக விட்டால், வினைபுரியாத மிச்சம் உள்ளேயே தங்கி ஒட்டு மென்மையாகிவிடும். கலந்ததை ஆழமான கோப்பையில் வைத்திருந்தால் தன் சூட்டிலேயே வேகமாக இறுகும். அகலமான தட்டில் பரப்பிவிடுங்கள். ஒட்டும் இரண்டு முகங்களிலும் பூச வேண்டும்.

பூசிய தகடுகள் சோப்புக் கட்டிகளைப்போல வழுக்கும். பக்கவாட்டில் விலகாமல் டேப்பால் கட்டி, நடுவிலிருந்து தொடங்கி இரண்டு முனைகளை நோக்கி இறுக்குங்கள். ஓரத்தில் பசை சீரான கோடாகக் கசிந்தால் போதும். அதற்குமேல் முறுக்கினால் பசை முழுவதும் வெளியேறி ஒட்டு வறண்டுபோகும். சைக்கிள் ட்யூபைப் பட்டையாக வெட்டிச் சுற்றுவது எனக்குப் பிடித்த முறை. ஏனென்றால் பசை இறுகுவதற்காகச் சூட்டுப்பெட்டியில் வைத்துச் சூடேற்றும்போது எபாக்சி முதலில் நீர்த்து இன்னும் கொஞ்சம் கசியும். ரப்பர் தானாகச் சுருங்கி அதை ஈடுகட்டும், திருகு கிளாம்ப் அப்படியே நிற்கும். அச்சின்மேல் பிளாஸ்டிக் படலம் விரிக்க மறந்தவருக்கு அச்சும் வில்லும் ஒரே பொருளாகக் கிடைக்கும்.

சூட்டுப்பெட்டிக்குப் பழைய குண்டு பல்புகள்தான் சரி; எல்இடி பல்பு வைத்துவிட்டுச் சூடு வரவில்லையே என்று காத்திருந்த கதையும் உண்டு. வெப்பமானியைப் பெட்டியின் கூரையில் அல்ல, வில்லை ஒட்டி வையுங்கள். பல்புக்கு நேரெதிரே இருக்கும் பகுதி மட்டும் கருகாமல் இடையில் தகரத் தடுப்பு வேண்டும். பல்பு எரியும் பெட்டியைத் தனியே விட்டுவிட்டுப் போகக்கூடாது. நேரம் முடிந்ததும் ஆவலில் சூட்டோடு வில்லை உருவாதீர்கள்; அச்சிலேயே அறைச் சூட்டுக்கு ஆற வேண்டும். சூட்டில் எபாக்சி இன்னும் இளக்கமாகவே இருக்கும், வளைவு மாறிவிடும்.

ஓரத்தில் வழிந்து இறுகிய எபாக்சி கண்ணாடிச் சில்லைப்போல் கிழிக்கும். வெறுங்கையால் வில்லைப் பிடிக்காமல் முதலில் அதைத் தேய்த்தெடுங்கள். பூசும்போது நைட்ரைல் கையுறை, தேய்க்கும்போது தூசிக்கான முகக்கவசம். ஃபைபர்கிளாஸ் தூசி சட்டைக் காலருக்குள் புகுந்துவிட்டால் இரவு முழுவதும் சொறிய வேண்டியதுதான்.