புறாத்தீவு முருகைக்கல்லில் கால் வைக்குமுன்

திருகோணமலைக்குக் கிட்ட உள்ள நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போகிறவர்கள் நீந்திக் களைத்தால் முருகைக்கல்லில் (பவளப்பாறையில்) ஏறி நின்று மூச்சு வாங்குவதை அடிக்கடி பார்க்கலாம். வேண்டுமென்று செய்வதில்லை, பாறைதானே என்ற நினைப்பு. கொஞ்சம் படித்தவர்களோ அதைக் கடல் தாவரம் என்பார்கள். இரண்டுமே பிழை.

முருகை ஒரு விலங்கு. ஜெலி மீனும் கடலனிமனியும் சேர்ந்த நிடேரியா என்ற விலங்குப் பெரும்பிரிவில்தான் அதுவும் இருக்கிறது. கிட்டப் போய்ப் பாருங்கள், மேற்பரப்பு முழுக்கச் சின்னஞ்சிறு குழிகள் தெரியும். குழிக்கொரு பொலிப்பு, அதாவது ஒரு குட்டி முருகை உயிர்; அதன் வாயைச் சுற்றிப் பரிசக்கொம்புகள் என்ற மெல்லிய கைகள். பெரும்பாலானவை இரவில் அவற்றை நீட்டி இரை பிடிக்கும். நாம் கல் என்று மிதிப்பது அவை சுரந்து கட்டிய கல்சியம் காபனேற்று வீடு. உருண்டையாக வளரும் முருகைகள் பல, வருடத்துக்கு 1 சென்ரிமீற்றர் அளவுதான் வளரும். அப்படியென்றால் ஒரு மிதியில் எத்தனை வருட வேலை போகிறது!

முருகைக்கு நிறம் தருவதும் உணவில் பெரும்பங்கை ஒளித்தொகுப்பால் ஆக்கிக் கொடுப்பதும் அதன் உடலுக்குள் வாழும் நுண்ணிய அல்காக்கள், அதாவது பாசிகள். கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடானால் இந்தக் கூட்டு முறிந்து, முருகை வெளிறிவிடும். வெளிறியதெல்லாம் செத்துவிட்டது என்று நினைப்பது அடுத்த தவறு. சூடு சீக்கிரம் தணிந்தால் அல்காக்கள் திரும்பிப் பெருகும், முருகையும் பிழைக்கும். அந்த நேரத்தில்தான் அதன்மேல் காலோ நங்கூரமோ படவே கூடாது.

திமிங்கிலத்தை மீனோடு சேர்ப்பதும் இன்னும் போகவில்லை. உயிரினங்களை வகைப்படுத்திப் பெயரிட்ட சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 1758 இலேயே அதை முலையூட்டிகளோடு சேர்த்துவிட்டார். திருகோணமலைக்கு அப்பால் வரும் நீலத்திமிங்கிலம் நுரையீரலால் சுவாசிக்கிறது. மூச்சுவிட மேலே வந்தே ஆக வேண்டும். அதன் வழியை மறித்துப் படகு ஓட்டுவது மூச்சு எடுக்க விடாமல் தடுப்பதுதான். சுறா அப்படியல்ல, அது மீன். புறாத்தீவைச் சுற்றித் திரியும், செட்டை நுனி கறுத்த சுறாக்களைக் கண்டு பதற வேண்டாம், துரத்தவும் வேண்டாம்.

அப்புறம், திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை மான்கள். அங்கே நிறைய மான் நிற்பதைக் காட்டி உயிர்ப்பல்வகைமை, அதாவது பல வகை உயிர்கள் இருப்பது, செழிக்கிறது என்பவர்கள் உண்டு. எத்தனை மான்கள் நின்றாலும் புள்ளிமான் ஓர் இனம்தான். அவற்றுக்குச் சாப்பாட்டு மிச்சத்தைப் பையோடு போடாதீர்கள். மான் அசைபோடும் விலங்கு. விழுங்கிய பொலித்தீன் செரிக்காமல் முதல் இரைப்பையிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் புல்லுக்கு அங்கே இடமே இருக்காது.