பண்ணை வரைபடத்தில் தொடங்குங்கள்: கிராமத் தீயணைப்பு வீரர்களுக்குப் பண்ணைப் பாதுகாப்புப் பயிற்சி

பல வருடங்கள் தீயணைப்பு வண்டியில் ஓடியவன் நான். இப்போது கிராமத் தீயணைப்பு வீரர்களுக்குப் பண்ணைப் பாதுகாப்பு சொல்லித் தருகிறேன். இந்த வேலைக்கு என்னை இழுத்து வந்தது ஒரு ராத்திரி. மாட்டுக்கொட்டகை எரிகிறது என்று அழைப்பு வந்தது, போய்ச் சேர்ந்துவிட்டோம். ஆனால் மெயின் ஸ்விட்ச் எங்கே என்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. உரிமையாளர் வெளியூரில். டார்ச் அடித்துக்கொண்டு சுவர் சுவராகத் தேடினோம். கொட்டகைக்குப் பின்னால், ஒரு பழைய டிரம்மின் மறைவில் இருந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் கூரை இறங்கிவிட்டது. பகலில் ஒரே ஒரு தடவை அந்தப் பண்ணையைச் சுற்றி வந்திருந்தால் போதும்.

அதனால் என் பயிற்சி வரைபடத்தில்தான் தொடங்கும். பாதுகாப்பு பற்றிப் பேச யார் யாரோ பண்ணைக்கு வருவார்கள். விவசாயி வாசலிலேயே பேசி அனுப்பிவிடுவார். தீயணைப்பு வீரரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார். கிராமத்தில் அவர் பெரும்பாலும் பக்கத்து வயல்காரராகவே இருப்பார். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மார்ஷ்ஃபீல்டில் உள்ள தேசியப் பண்ணை மருத்துவ மையம் இந்த நம்பிக்கையை வைத்துத்தான் கிராமத் தீயணைப்பு வீரர்களுக்கென்று ஒரு பாடத்திட்டத்தை உருவாக்கியது.

ஒரு குழுவுக்கு ஆறு முதல் எட்டுப் பேர் போதும். அதில் இரண்டு பேராவது சொந்தமாக விவசாயம் செய்பவர்களாக இருக்கட்டும். வகுப்பறை வேண்டாம், ஒரு பண்ணையைக் கேட்டு வாங்குங்கள். அறுவடை நேரத்தில் கேட்காதீர்கள். உள்ளே நுழைந்ததும் ஒரு வாக்குக் கொடுங்கள்: இங்கே பார்ப்பதை எந்த அதிகாரியிடமும் சொல்ல மாட்டோம். அந்த வாக்கு ஒரு தடவை உடைந்தால், அக்கம்பக்கத்தில் வேறு எந்தப் பண்ணையும் உங்களுக்குத் திறக்காது.

அப்புறம் ஒரு பெரிய தாள், பென்சில், நான்கு நிறப் பேனா. பென்சிலை விவசாயி கையில் கொடுங்கள், அவரே வரையட்டும். வீரர்கள் கூட நடந்து கேள்வி கேட்பார்கள். மெயின் ஸ்விட்ச் எங்கே? டீசல் தொட்டி? பூச்சிமருந்து வைக்கும் அறை எது? வண்டி திரும்ப இடம் இருக்கிறதா, அந்தச் சின்னப் பாலம் தண்ணீர் வண்டியின் எடையைத் தாங்குமா? தண்ணீர் எங்கே எடுக்கலாம்? மாடுகளை அவிழ்த்துவிட்டால் எந்தப் பக்கம் ஓடும்? வரைந்த தாளை ஒரு பிளாஸ்டிக் குழாயில் சுருட்டி மூடி, வெளிவாசலில் கட்டிவிடுங்கள். ஒரு பிரதி நிலையத்துக்கு.

உரம் வைத்திருக்கும் இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். எந்த உரம், எவ்வளவு என்று எழுதியே ஆக வேண்டும். 2013 ஏப்ரல் 17 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் வெஸ்ட் என்ற ஊரில், தீப்பிடித்த உரக்கிடங்கில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 15 பேர் இறந்தார்கள். அவர்களில் 12 பேர் அந்தத் தீயை அணைக்கவும் உதவவும் ஓடியவர்கள். இந்தச் செய்தியை நான் எல்லா வகுப்பிலும் சொல்கிறேன்.

சுற்றி நடக்கும்போதே ஆபத்துகள் தாமாகப் பேச்சில் வரும். டிராக்டர் பக்கம் வந்தால் பி.டி.ஓ. ஷாஃப்ட், அதாவது எஞ்சின் விசையைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கொண்டுபோகும் சுழலும் தண்டு. நிமிடத்துக்கு 540 சுற்று என்று சொன்னால் யார் மனதிலும் பதியாது. விநாடிக்கு 9 சுற்று என்று சொல்லுங்கள். அதுவும் போதாது, காட்டுங்கள். பழைய பேன்ட், சட்டைக்குள் வைக்கோலைத் திணித்து ஒரு பொம்மை செய்து, நீளமான கம்பின் நுனியில் கட்டுங்கள். எல்லோரையும் நன்றாகத் தள்ளி நிற்கவைத்து, கம்பைத் தூரத்தில் நட்டு, சட்டையின் ஒரு நூல் மட்டும் மூடியில்லாத ஷாஃப்டைத் தொடும்படி வைத்துவிட்டு விலகி வாருங்கள். அதற்குப் பிறகுதான் டிராக்டரில் இருப்பவர் பி.டி.ஓ.வைப் போடவேண்டும். ஒரு கை நீண்டு, முறுகி, பிய்ந்து, வைக்கோல் தூளாகப் பறக்கும். 'நிறுத்து' என்று கத்த வாய் திறப்பதற்குள் முடிந்திருக்கும். எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்த பிறகுதான் கிட்டே போகலாம். பிய்ந்து கிடக்கும் அந்தச் சட்டைக்கையைக் கைக்குக் கை கொடுங்கள். ஷாஃப்டுக்கு மூடி போடுங்கள் என்று அப்புறம் யாரும் சொல்லத் தேவையில்லை.

டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டத்தையும் அங்கேயே பேசிவிடலாம். சுவீடன் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. இரும்புச் சட்டம் இருந்தால் சீட் பெல்ட்டும் போட வேண்டும், இல்லையென்றால் அந்த இரும்புச் சட்டத்தின் அடியிலேயே விழ நேரும்.

நான் அதிக நேரம் செலவிடுவது சாணக்குழியில். அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு முதலில் அழுகிய முட்டைபோல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. வாயு போய்விட்டது என்று நினைத்து ஒருவர் இறங்குவார், அவரைத் தூக்க அண்ணன் இறங்குவார், அண்ணனைத் தூக்க அப்பா இறங்குவார். அடைபட்ட இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள்தான் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-லேயே எச்சரித்தது. இதைக் குடும்பத்தில் எல்லோருக்கும், பிள்ளைகள் உட்பட, சொல்லச் சொல்லுங்கள்: இறங்காதே, முதலில் கூப்பிடு. வீரர்களுக்கும் அதே விதி. மூச்சுக்கருவி, கயிறு, மேலே ஆள், மூன்றும் இல்லாமல் ஒரு படிகூட இறங்கக் கூடாது.

தானியக் கிடங்கைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: அடிவழியாகத் தானியம் இறங்கிக்கொண்டிருக்கும்போது குவியலின் மேலே நின்றால் 20 விநாடியில் தலை மூடிவிடும். ஈரத்தோடு அடுக்கிய வைக்கோல் உள்ளுக்குள் தானாகவே சூடேறும், அதற்கு நீளமான வெப்பமானி கொண்டு போங்கள். உள்ளே 65 டிகிரி செல்சியஸ் தாண்டினால் அடிக்கடி பார்க்க வேண்டும். 80 ஆகிவிட்டால் விவசாயி தானே பிரிக்கக் கூடாது. காற்று பட்டதும் பற்றிக்கொள்ளும், தண்ணீர் வண்டி நின்ற பிறகுதான் பிரிக்கலாம்.

இதெல்லாம் வீரர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். பேசப் பழக்குவதுதான் கஷ்டம். தீ விபத்தில் கட்டளை போட்டே பழகிய வாய். இரண்டிரண்டு பேராக நிறுத்தி, ஒருவரை விவசாயியாக நடிக்கச் சொல்லுங்கள். "இந்த மூடிய ஏன் கழட்டிப் போட்டீங்க?" என்று கேட்டால் எதிராளி முகம் இறுகுவதைப் பார்க்கலாம். "இந்த மெஷின்ல உங்களுக்குத் தெரிஞ்ச யாருக்காவது அடிபட்டிருக்காங்களா?" என்று கேட்கச் சொல்லுங்கள். யாராவது ஒருவர் இருப்பார். அந்தக் கதை முடியும் வரை குறுக்கே பேசக் கூடாது. மருந்து அடித்துவிட்டு வந்தால் தலைவலி, வாய் நீர் ஊறுகிறது, கண் மங்குகிறது என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். உடையை மாற்றி, நன்றாகக் குளிக்கச் சொல்லி, மருந்து டப்பாவின் லேபிளோடு உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மூன்று மாதம் கழித்து அதே பண்ணைக்கு அதே வீரர்களை அனுப்புங்கள். மூடி போட்டாயிற்றா என்று விசாரிக்க வேண்டாம், கண்ணால் பார்த்தாலே தெரியும். குழாயிலிருந்து வரைபடத்தை எடுத்து விவசாயியோடு விரிக்கட்டும். டீசல் தொட்டி இடம் மாறியிருக்கும், புதிதாக ஒரு கொட்டகை வந்திருக்கும். பென்சில் மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.