பூனைக்கு வீட்டிலேயே இன்சுலின்: குன்னூர்க் குளிரில் நான் செய்யும் முறை

எங்கள் சாம்புவுக்கு 11 வயது. கருத்தடை செய்த, வாட்டசாட்டமான ஆண் பூனை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல் குடிக்க ஆரம்பித்தான். நன்றாகத் தின்றும் மெலிந்தான். பின்னங்கால்களின் குதி தரையில் படப் படத் தாழ்ந்து நடந்தான். நீரிழிவு என்று கால்நடை மருத்துவர் சொன்னதும் ஊசியை நினைத்துத்தான் பயந்தேன். ஆனால் ஊசி குத்துவது சுலபம். அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலைகளில்தான் கவனம் வேண்டும்.

எத்தனை யூனிட் என்று இங்கே எழுத மாட்டேன். அதை உங்கள் பூனையைப் பரிசோதித்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

படி 1: சிரிஞ்சைச் சரிபாருங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். நம் மருந்துக்கடைகளில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. பூனைகளுக்கு அதிகம் எழுதித் தரப்படும் கிளார்ஜின் என்ற இன்சுலின் வழக்கமாக 100 யூனிட் வகை. அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு யூனிட் கோடுவரை இழுத்தால் உள்ளே போவது ஒன்றல்ல, இரண்டரை யூனிட். நாலு கிலோ உடம்புக்கு அது உயிரோடு விளையாடுவது. ஒருமுறை அவசரத்தில் கடையில் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் மூடியின் நிறத்தைப் பார்த்ததும் திரும்ப ஓடினேன். மூடியோடு, மேலே அச்சிட்ட எண்ணையும் படியுங்கள். அரை யூனிட் கோடுள்ள 0.3 மில்லி சிரிஞ்சு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

படி 2: மருந்தைப் பத்திரப்படுத்துங்கள்

ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள், கதவுத் தட்டில். ஃப்ரீசர் பக்கம் வேண்டாம். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரன்ட் போனால் பதற வேண்டாம், நம் ஊர்க் குளிருக்கு மருந்து தாங்கும். இங்கே பயப்பட வேண்டியது உறைபனிக்குத்தான். டிசம்பர், ஜனவரி இரவுகளில் காரிலோ ஜன்னலோரத்திலோ வைத்துவிடாதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. கிளார்ஜின் தண்ணீர்போலத் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கினால் தூக்கிப்போடுங்கள்.

படி 3: சர்க்கரை பாருங்கள்

மனிதர்களின் குளுக்கோமீட்டரே போதும். பூனை ரத்தத்தில் அது உண்மை அளவைவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். குத்த வேண்டிய இடம் காது மடலின் ஓரம்.

நான் முதல் வாரம் முழுக்கத் தோற்றது இங்கேதான். காலையில் காது ஐஸ்போலச் சில்லிட்டிருக்கும், எத்தனை முறை குத்தினாலும் சொட்டு வராது. அம்மாதான் வழி சொன்னார்: கைப்பிடி அரிசியைத் துணியில் முடிந்து, தோசைக்கல்லில் லேசாகச் சூடேற்றி, முதலில் நம் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் காதில் ஒத்தடம். ஒரு நிமிஷத்தில் ரத்தம் வந்துவிடும். அதிகக் குளிரில் மீட்டரும் பிழை காட்டும்; அதைக் கொஞ்ச நேரம் ஸ்வெட்டர் பைக்குள் வைத்திருங்கள்.

எந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் ஊசி போடக் கூடாது என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். எங்களுக்குத் தொடக்கத்தில் 200 என்றார்.

படி 4: சாப்பாடு, பிறகு ஊசி

12 மணி நேரத்துக்கு ஒருமுறை. எங்களுக்குக் காலை 7, மாலை 7. முதலில் சாப்பாடு. சாப்பிடாவிட்டால் ஊசி போடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். பால்சோற்றை நிறுத்தியாக வேண்டும். மாவுச்சத்து குறைந்த ஈர உணவு நல்லது. ஆனால் உணவை மாற்றினால் இன்சுலின் தேவையும் குறையலாம், அதனால் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

அவன் தின்றுகொண்டிருக்கும்போதே விலாப்பக்கத் தோலைக் கூடாரம்போலத் தூக்கி, அடியில் ஊசியைச் செருகி அழுத்துவேன். ஒரு நொடி வேலை. ஊசி தோலைத் தாண்டி வெளியே போனால் முடி நனைந்திருக்கும். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியவில்லையா? மறுபடி போடாதீர்கள். ஒரு வேளை மருந்து தவறினால் சர்க்கரை ஏறும், அவ்வளவுதான்; இரட்டை மருந்து கொல்லும். அம்மா போட்டது தெரியாமல் நானும் சிரிஞ்சோடு போன நாளிலிருந்து, போட்டவர் தினசரி காலண்டரில் டிக் அடித்தே ஆக வேண்டும்.

படி 5: சர்க்கரை இறங்கினால்

தள்ளாட்டம், நடுக்கம், திடீர்ச் சோர்வு, வலிப்பு. உடனே ஈறில் தேனைத் தடவுங்கள். வலிப்பு வந்தால் வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். கொஞ்சம் தெளிந்ததும் உணவு கொடுத்து, மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தேனின் பலன் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் 'சரியாகிவிட்டான்' என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

அப்புறம், ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கோவையிலிருந்து எதுவும் வராது. அதற்கு முன்பே ஒரு பாட்டில் மருந்து கூடுதலாக வாங்கிவிடுவேன். கீழே வெயிலில் கொண்டுவரும்போது ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றிய பிறகே மருந்தோடு வைப்பேன். பயன்படுத்திய ஊசிகளைக் குப்பையில் போடாதீர்கள். குரங்கும் கரடியும் கிளறும் ஊர் இது. கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து, நிறைந்ததும் மூடியை டேப் ஒட்டிக் கிளினிக்கில் கொடுத்துவிடுகிறோம்.