கலியாணத்துக்கு ஒத்திகை: கூறை மாத்துற நேரத்தைப் பிடிப்பது எப்படி?

பெரிய தங்கச்சியின் கலியாணத்தில், தாலிக்கு முன் உடுக்கும் கூறைச்சீலையை அவ மாத்தி வரப் பிந்தி, முகூர்த்தம் முடிய நாலு நிமிடம் இருக்கும்போதுதான் தாலி ஏறியது. ஐயர் மணிக்கூட்டைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அதனால் சின்னத் தங்கச்சிக்கு ஒத்திகை வைத்தோம்.

1. முதலில் பெயரை மாத்துங்கோ. ஒத்திகை என்றதும் அப்பம்மா, "தாலியை ரெண்டு தரம் கட்டுறதே?" என்று பாய்ந்தா. "சும்மா நடந்து பாக்கிறம்" என்றபின் வெத்திலைத் தட்டத்தோடு முன்கதிரையில் வந்து இருந்தா. தாலி, கூறை, மாலை மூன்றும் அன்று வெளியே வரவே கூடாது. தாலிக்கொடிக்குச் சணல் கயிறு போதும்.

2. இடம், வீட்டு முற்றம். கிளிநொச்சியில் நாங்கள் எடுத்த மண்டபம் முதல்நாள் பின்னேரம்தான் கைக்கு வரும். வந்தாலும் சோடனைக்காரரின் ஏணிதான் நடுவில் நிற்கும். ஆகவே இரண்டு நாள் முந்தி, வெயில் தாழ்ந்தபிறகு. வாசலில் இருந்து மணவறைக்கு 42 எட்டு என்று முதலே எண்ணி வந்து, அதே தூரத்துக்குக் கதிரை அடுக்கினோம்.

3. ஐயரிடம் ஒழுங்கு கேட்டு, தடித்த பேனையால் ஒரே தாளில் எழுதுங்கோ. தோழன் (பொம்பிளையின் சகோதரன்) மாப்பிள்ளையின் கால் கழுவுவது, மாப்பிள்ளை அவருக்கு மோதிரம் போடுவது, கன்னிகாதானம், கூறை, தாலி. வட்ஸ்அப் குறூப்பை நான் நம்பமாட்டேன். வேட்டிக்குப் பொக்கற் இல்லை. போன் யாரிடம் இருக்கும்? நேரம் பார்க்கத் தோழனைப் போடவேண்டாம், வேலையில்லாத மச்சான் ஒருவரைப் பிடியுங்கோ.

4. இதுதான் எங்களை விழுத்திய இடம். கூறைத் தட்டம் சபையைச் சுற்றி வந்து, பொம்பிளை கூறையை வாங்கி உள்ளே போனால் எப்போது வருவா என்று ஒருவருக்கும் தெரியாது. கூறைக்குச் சமனான பாரத்தில் அம்மாவின் பழைய பட்டுச்சீலையை வைத்து மூன்று தரம் உடுத்திப் பார்த்தோம். முதல் தரம் 34 நிமிடம். சீலையில் பிழை இல்லை! வியர்வையில் பிளவுஸ் முதுகோடு ஒட்டிக் கழராமல் நின்றது. வன்னி வெயிலில் வேறென்ன நடக்கும்? காப்புகளைக் கழற்றி மாட்டவே ஆறு நிமிடம் போனது. அடுத்த தரம் அறைக்குள் ஸ்டாண்ட் ஃபான், துவாய், பவுடர், ஊசிகள் முதலே குத்தி வைத்த ஒரு துணித்துண்டு. காப்பைத் தொடவே இல்லை. மூன்றாம் தரம் 17 நிமிடம். அதோடு எட்டு நிமிடம் கூட்டி, தாலி நேரத்தில் இருந்து 25 நிமிடம் பின்னுக்கு எண்ணி, "இதுக்குள்ள கூறை கைக்கு வரவேணும்" என்று ஐயரிடம் சொன்னோம். அவருக்கும் சந்தோசம். படக்காரரை மட்டும் அந்த அறைக்குள் விடாதேயுங்கோ.

5. மாப்பிள்ளை வீட்டார் புதுக்குடியிருப்பில் இருந்து பரந்தன் வழியாக வரவேண்டும். காலையில் மாட்டுப்பட்டி றோட்டுக்கு ஏறும் நேரத்திலேயே ஒருநாள் வானில் வந்து பார்க்கச் சொன்னோம். எங்கள் கணக்கைவிட அரை மணித்தியாலம் கூடப் பிடித்தது.

பிறகு சேர்த்தது: இதைப் பார்த்து ஒத்திகை வைத்த ஒரு அக்கா, எல்லாம் சரியாக நடந்தும் கரண்ட் போய் ஃபான் நின்றது என்று எழுதியிருந்தா. ஜெனரேற்றர் வயர் உடுப்பு மாத்தும் அறைக்கும் வருகிறதா என்று மண்டபக்காரரிடம் கேளுங்கோ. எங்கள் மண்டபத்தில் மேடைக்கு மட்டும்தான் வந்தது.