வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பீர்: பாத்திரத்துக்கு முன்னால் ஈஸ்டை வாங்குங்கள்

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். சிங்கப்பூரில் 18 வயது நிறைந்தவர்கள் சொந்த உபயோகத்துக்கு, ஒரு குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டருக்கு மிகாமல், உரிமம் எடுக்காமலே பீர் காய்ச்சலாம். விற்கக் கூடாது. வடித்துச் சாராயம் இறக்குவதற்கு இந்தச் சலுகை கிடையாது. தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம். அங்கே 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் காய்ச்சுவது குற்றம்.

சரி. பீர் காய்ச்சச் சொல்லித்தருகிற எல்லாரும் பாத்திரத்தில் இருந்து ஆரம்பிப்பார்கள். இந்த ஊரில் ஈஸ்டில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் குடிக்கிற மாதிரி பீர் வந்துவிடும். வெக்கையைக் கவனிக்காவிட்டால் வராது.

ஈஸ்ட்

ஆரம்பப் பெட்டிகளில் பெரும்பாலும் சேஃபேல் யூ.எஸ்-05 மாதிரி, ஏல் என்கிற பீர் வகைக்கான ஈஸ்ட் இருக்கும். நல்ல ஈஸ்ட்தான், 20 டிகிரி பக்கம் வைத்தால். நம் வீட்டில் ராத்திரியே 25, பகலில் 31, 32. போதாக்குறைக்கு ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது அதுவும் சூடு கிளப்பும். பீர் புளிக்கும் வாளிக்குள் அறையைவிட சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். அந்தச் சூட்டில் ஃப்யூசல் ஆல்கஹால் என்கிற காட்டமான சரக்கு உருவாகிறது. மூக்கில் பெயிண்ட் தின்னர் வாடை, தொண்டையில் எரிச்சல். பாட்டிலில் எத்தனை நாள் வைத்தாலும் அது முழுசாகப் போவதில்லை.

நான் ரொம்ப நாள் திண்டாடியது இதில்தான். வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, நனைத்த டி-ஷர்ட்டைப் போர்த்தி, ஃபேனைப் போடுங்கள் என்று இணையம் முழுக்க யோசனை கிடைக்கும். காய்ந்த காற்று அடிக்கிற ஊர்களுக்கு அது சரி. ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சுற்றியே நிற்கும் இடத்தில் துணியில் இருக்கும் தண்ணீர் ஆவியாகவே யோசிக்கும். ஒன்றிரண்டு டிகிரி குறைந்தாலே அதிகம். தொட்டியில் ஐஸ் பாட்டில் போட்டு மாற்றிக்கொண்டே இருக்கலாம், ஆனால் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சரிப்படாது. காலையில் போட்ட ஐஸ் மத்தியானம் கரைந்து, சாயங்காலம் திரும்ப 30-க்கு வந்து நிற்கும். இந்த ஏற்ற இறக்கம் ஈஸ்டுக்கு ஆகவே ஆகாது.

உருப்படியான வழி இரண்டுதான். ஒன்று, பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றை வாங்கி இங்க்பேர்ட் மாதிரி வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியை மாட்டுவது. கருவியின் சென்சாரை வாளியின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே நுரைப்பஞ்சு வைத்துக் கட்டிவிட்டால் 19 என்றால் 19-இல் நிற்கும். பீர் அருமையாக வரும். வீட்டில் இன்னொரு ஃப்ரிட்ஜுக்கு இடமும், அதைவிட முக்கியமாக அனுமதியும் வேண்டும்.

இரண்டாவது வழி குவைக். நார்வேயின் மேற்குப் பகுதிப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காய்ந்த நிலையில் பாதுகாத்து வைத்திருந்த ஈஸ்ட் வகை இது. வோஸ் என்ற ஊர்ப் பக்கத்து வகையை லாலெமாண்ட் நிறுவனம் 11 கிராம் பாக்கெட்டில் விற்கிறது. 35 முதல் 40 டிகிரிதான் அதற்குப் பிடித்த சூடு! நம் சமையலறை வெக்கை அதற்குச் சாதாரணம். லேசாக ஆரஞ்சுத் தோல் வாசனை வரும், ஹாப்ஸோடு (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) நன்றாகச் சேரும். புதிதாகத் தொடங்குகிறவர் யாராக இருந்தாலும் நான் இதைத்தான் சொல்வேன். ஃப்ரிட்ஜ் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கருவிகள்

சமையல் குறிப்புகள் பெரும்பாலும் 19 லிட்டர், 23 லிட்டர் என்று இருக்கும். நீங்கள் 10 லிட்டரில் தொடங்குங்கள். வீட்டு அடுப்பு தாங்கும், தூக்கவும் முடியும்.

பாத்திரம்: 12 லிட்டர் எவர்சில்வர் குண்டான் போதும், லிட்டில் இந்தியாவின் தேக்காவில் சுலபமாகக் கிடைக்கும். வீட்டில் இருக்கும் சாம்பார் குண்டானை எடுக்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு பீரின் நுரையைக் கொன்றுவிடும், பெருங்காய வாசனையோ லேசில் போகாது.

வாளி: உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக்கில் 15 லிட்டர் வாளிகள் இரண்டு. புளிக்க வைக்கும் வாளியில் குழாய் வேண்டாம், பாட்டிலில் நிரப்பும் வாளியில் மட்டும் இருந்தால் போதும். குழாயைக் கழற்றிப் பார்த்தால் மரைக்குள் பழுப்பாக ஒரு கறை உட்கார்ந்திருக்கும்; அடுத்த பீரைக் கெடுக்கப்போவது அதுதான். கண்ணாடி ஜாடி பார்க்க அழகு, ஈரக் கையில் வழுக்கினால் ஆபத்து. வாங்காதீர்கள்.

ஹைட்ரோமீட்டர்: அவசியம். திரவத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பதை அடர்த்தியை வைத்துக் காட்டும் மிதவை இது; வெறும் தண்ணீர் 1.000, சர்க்கரை கூடக் கூட எண் ஏறும். கூடவே உயரமான சோதனைக் குழாய் ஒன்று. பெரும்பாலான ஹைட்ரோமீட்டர்கள் 20 டிகிரிக்கு அளவு குறித்தவை. 30 டிகிரித் திரவத்தில் 0.002 அளவுக்குக் குறைத்துக் காட்டும், அதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கிருமி நீக்கி: ஸ்டார் சான். லிட்டருக்கு 1.5 மில்லி, ஒரு நிமிடம் நனைந்திருந்தால் போதும், கழுவ வேண்டாம். நுரை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பயமில்லை. ப்ளீச்சை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். ஆனால் அழுக்குப் போன பிறகுதான் கிருமி நீக்கி வேலை செய்யும், அதனால் முதலில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். கம்பி நார் மட்டும் கூடாது. பிளாஸ்டிக்கில் விழும் கீறலுக்குள் பாக்டீரியா குடியேறிவிடும்.

பொருட்கள்

தண்ணீர் 12 லிட்டர், குழாய்த் தண்ணீரே போதும். ஆனால் இங்கே பொதுப் பயனீட்டுக் கழகம் தண்ணீரைச் சுத்திகரிக்கக் குளோரமின் சேர்க்கிறது. கொதிக்க வைத்தால் குளோரின் சட்டென்று போய்விடும், இது போகாது. மால்ட்டோடு (முளைகட்டி உலர்த்திய பார்லி) சேர்ந்தால் பிளாஸ்திரி வாடை அடிக்கும். கேம்ப்டன் என்கிற சல்ஃபைட் மாத்திரையில் கால் பாகத்தைப் பொடித்துக் கலக்கினால் சில நிமிடத்தில் தீர்ந்தது. காய்ச்சி முடித்தபின் மேலே ஊற்றப்போகும் தண்ணீருக்கும் இது வேண்டும், பலரும் அதை விட்டுவிடுகிறார்கள்.

உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (மால்ட் சாற்றுப் பொடி), வெளிர் நிறம், 1.2 கிலோ. முழுத் தானியத்தை ஊறவைத்துக் காய்ச்சுவது அடுத்த கட்டம், இப்போது வேண்டாம். கேஸ்கேட் ஹாப்ஸ் 40 கிராம். பிரித்த பாக்கெட்டைக் காற்று போகாமல் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். ஈஸ்ட் பாக்கெட் ஒன்று. ஈஸ்ட் நியூட்ரியண்ட் கொஞ்சம், பாக்கெட்டில் போட்ட அளவுப்படி. குவைக்குக்குத் தீனி அதிகம் வேண்டும், இதை விட்டுவிட்டால் பாதியில் நின்றுவிடும்.

காய்ச்சுவது

முந்தின நாளே, மாத்திரை கலந்த தண்ணீரில் 5 லிட்டரைக் கொதிக்கவைத்து, ஆறியதும் சுத்தமான பாட்டில்களில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

மறுநாள் மீதி 7 லிட்டரைக் குண்டானில் ஊற்றி, அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே பாதி மால்ட்டைக் கரைத்துவிடுங்கள். கொதிக்கிற தண்ணீருக்கு மேல் பாக்கெட்டைக் கவிழ்த்தால் ஆவி பட்டு வாய்ப்பக்கம் பாறை மாதிரி இறுகிப்போகும், கரண்டியால் குத்தித்தான் எடுக்க வேண்டும். இந்த ஊர் ஈரத்தில் பிரித்த பாக்கெட் ஒரே ராத்திரியில் கட்டியாகிவிடும், அதனால் தேவைப்படும்போதுதான் பிரிக்க வேண்டும்.

கொதி வரும் நேரம் பக்கத்திலேயே நில்லுங்கள். பால் பொங்குவதைவிட வேகமாகப் பொங்கும். நுரை அடங்கியதும் 15 கிராம் ஹாப்ஸ், இது கசப்புக்கு. 50 நிமிடம் கழித்து 10 கிராம், நியூட்ரியண்டும் அப்போதே. அறுபதாவது நிமிடம் அடுப்பை அணைத்து மீதி மால்ட்டைப் போட்டு நன்றாகக் கிளறி, கடைசி 15 கிராம் ஹாப்ஸையும் சேர்த்து, மூடி போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். வாசனை எல்லாம் இந்தக் கடைசி ஹாப்ஸில்தான்.

ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் போல ஆவியாகியிருக்கும். குண்டானை சிங்க்கில் ஐஸ் தண்ணீரில் இறக்கி 60 டிகிரி வரை ஆற்றினால் போதும். அடியில் தங்கிய கசடை விட்டுவிட்டு வாளிக்கு மாற்றினால் 5 லிட்டர் இருக்கும். ஃப்ரிட்ஜில் இருக்கும் 5 லிட்டரையும் ஊற்றினால் 32, 33-க்கு வந்து நிற்கும், குவைக்குக்கு அது தோது. ஆற்றுவதற்குக் காப்பர் சுருள் எல்லாம் வாங்கத் தேவையில்லை.

காற்று கலக்கும்படி வாளியை நன்றாகக் குலுக்கி, ஹைட்ரோமீட்டரில் அளவெடுத்து, ஈஸ்டை மேலே தூவி, மூடி, ஏர்லாக் (கேஸை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பான்) மாட்டுங்கள். வெயில் படாத மூலை நல்லது. ஒரு வாரம் திறக்காதீர்கள்.

பாட்டிலில் அடைப்பது

இரண்டு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் அடைக்க வேண்டும். 1.044-இல் தொடங்கி 1.010 பக்கம் நிற்கும், ஆல்கஹால் நாலரை சதவீதம் வரும். அளவு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போது அடைத்தால் பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லு கண்ணைப் பதம் பார்க்கிற விஷயம், அவசரம் வேண்டாம்.

65 கிராம் சீனியைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்துக் குழாய் வாளியில் ஊற்றி, அதன்மேல் பீரை சைஃபன் வைத்து நுரைக்காமல் இறக்குங்கள். ஈஸ்ட் படிவு கீழேயே கிடக்கட்டும். முதல் தடவைக்கு சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டிலே மேல்; அமுக்கிப் பார்த்தால் கேஸ் ஏறியது தெரிந்துவிடும். கண்ணாடி என்றால் பீர் வந்த பழுப்பு பாட்டில்தான். பச்சை பாட்டிலில் வெளிச்சம் புகுந்து ஹாப்ஸைக் கெடுக்கும், சாஸ் பாட்டில் அழுத்தம் தாங்காது. நம் வெக்கையில் ஒரு வாரத்தில் தயார். குடிக்கும் முன் இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் நிற்கட்டும்.

பின்சேர்க்கை

"1.2 கிலோ போட்டும் 1.030-தான் காட்டுகிறது" என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். குளிர்ந்த தண்ணீரை ஊற்றிய பிறகு கலக்காமல் எடுத்திருப்பீர்கள். கெட்டியான வோர்ட் (இன்னும் புளிக்காத மால்ட் கரைசல்) அடியிலேயே நின்றுவிடும், நீங்கள் அளந்தது மேல் தண்ணீரை. எக்ஸ்ட்ராக்ட்டில் காய்ச்சும்போது மால்ட் எடையும் மொத்த அளவும் சரியாக இருந்தால் 1.044 என்றே எழுதிக்கொள்ளலாம்.

ஏர்லாக்கில் குமிழி வரவில்லை என்ற கேள்வியும் நிறைய. மூடியின் ஓரத்தில் கேஸ் கசிந்தால் குமிழி வராது, பீருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஹைட்ரோமீட்டரை நம்புங்கள்.

குவைக் கிடைக்காமல் பெல் சைசன் வாங்கியவர்களுக்கு: அதுவும் சூடு தாங்கும், ஆனால் மற்ற ஈஸ்ட் தொடாத சர்க்கரையையும் மெதுவாக உடைத்துத் தின்னும் வகை அது. 1.010-இல் நின்றுவிட்டது என்று நினைத்து அடைக்காதீர்கள், 1.005-க்குக் கீழேயும் போகும். மூன்று வாரம் வாளியிலேயே விட்டு, திரும்பத் திரும்ப அளந்து பார்த்து அடையுங்கள். அந்த வாளியையும் குழாயையும் அடுத்த முறை எடுக்கும்போது வழக்கத்தைவிட இன்னொரு தடவை கழுவுங்கள், மிச்சமிருக்கும் கொஞ்சம் ஈஸ்டே அடுத்த பீரின் பாட்டில்களை வெடிக்க வைக்கும்.