ஆறாத கால்புண்: காசைக் கரைக்கும் தவறுகள்

ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸிங் ரூமுக்குப் புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகள் இருபது வருடத்துக்கு முன் நான் செய்த அதே தப்புகளை அச்சு அசலாகச் செய்கிறார்கள். கை கழுவுவது, கையுறை மாற்றுவதெல்லாம் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். நோயாளியின் பணத்தை விழுங்கும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

புண்ணைப் பார்த்துக் காலை விடுவது

ஒரு டீ மாஸ்டர். விடியற்காலை நாலு மணியிலிருந்து அடுப்பு முன்னால் நிற்கிறவர். இடது கணுக்காலின் உள்பக்கம், சற்று மேலே உள்ளங்கை அகலப் புண். சுற்றிலும் தோல் கறுத்து இறுகியிருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவார். கழுவி, மருந்து வைத்து, காஸ் சுற்றி அனுப்புவேன். இப்படியே இரண்டு வருடம்.

ஒரு தடவைக்குக் கட்டு 150 ரூபாய், ஆட்டோ 100, போன அரை நாள் கூலி 300. மாதம் 15 தடவை என்றால் 8,250. இரண்டு வருடத்தில் கிட்டத்தட்ட இரண்டு லட்சம். அவர் மனைவியின் வளையல் அடகுக்குப் போனது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

புதிதாக வந்த சர்ஜன் ஒருவர் அவரை எழுந்து நிற்கச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே சிரைகள் புடைத்து நெளிந்தன. "சிஸ்டர், ஒரு தடவையாவது இவரை நிக்க வச்சுப் பாத்தீங்களா?" பார்த்ததே இல்லை. படுக்க வைத்தேதான் கட்டுவேன். படுத்தால் சிரை அடங்கிவிடும்.

நம் ஊரில் நரம்புச் சுருட்டு என்பது இதைத்தான். சிரையின் வால்வு பழுதாகி ரத்தம் மேலே ஏறாமல் காலில் தேங்குகிறது. அதற்குக் காலை இறுக்கிச் சுற்றும் அழுத்தக் கட்டு வேண்டும். அது இல்லாமல் எத்தனை விலை மருந்து வைத்தாலும், கூரை ஒழுகும்போது பாயை மாற்றிப் போடுகிற கதைதான். அழுத்தக் கட்டு போட்ட நாலாவது மாதம் புண் மூடியது. இரண்டு வருடமும் ஒவ்வொரு கட்டுக்கும் ரசீது எழுதியது நான்தான். இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

பழுதான சிரையைச் சிகிச்சை செய்து சீக்கிரமே அடைத்துவிட்டால் இன்னும் நல்லது. பிரிட்டனில் 450 பேரிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. எல்லோருக்கும் அழுத்தக் கட்டு உண்டு. சிரையையும் உடனே அடைத்தவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் ஆறியது. தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள் ஆனது.

நாடி பார்க்காமல் இறுக்குவது

இது முதல் தப்பைவிட ஆபத்து. தமனி, அதாவது காலுக்கு ரத்தம் கொண்டு வரும் குழாய், அடைத்திருக்கும்போது இறுக்கினால் காலே போய்விடலாம். பாதத்தில் நாடி பாருங்கள். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் ரத்த அழுத்தத்தால் வகுத்துப் பாருங்கள். 0.8-க்குக் கீழே என்றால் முழு அழுத்தம் வேண்டாம், ரத்தநாள சர்ஜனிடம் அனுப்புங்கள். சர்க்கரை நோயாளிக்குத் தமனியில் சுண்ணாம்பு படிந்து இந்தக் கணக்கு பொய்யாக உயர்ந்து காட்டும். அதை மட்டும் நம்பாதீர்கள்.

எடுத்ததற்கெல்லாம் கல்ச்சர் (கிருமிப் பரிசோதனை)

நாள்பட்ட புண்ணில் கிருமி இருக்கத்தான் செய்யும். சிவப்பு பரவுகிறதா, வலி கூடுகிறதா, காய்ச்சல் உண்டா? இல்லையென்றால் ஆன்டிபயாடிக் வீண் செலவு.

புண் ஓரம் தடித்தும் சும்மா இருப்பது

சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். புற்றாக இருக்கலாம்.

ஆறியதும் அழுத்த சாக்ஸைக் கழற்றுவது

டீ மாஸ்டர் அதையும் செய்தார். வெயில், புழுக்கம், கடையில் கிண்டல். எட்டாவது மாதம் அதே இடத்தில் காசளவு புண்ணோடு வந்து நின்றார். ஆமாம், நின்றார், உட்காரச் சொல்வதற்கு முன் காலைப் பார்த்துவிட்டேன்.