வெந்த ஈரலுக்குப் பச்சை ஈரலின் கணக்கைப் போடாதீர்கள்

சைதாப்பேட்டை மார்க்கெட்டில் காலையில் வாங்கிய ஆட்டு ஈரலை வாணலியில் போட்டுப் பாருங்கள். முதலில் நிறம் மாறும், அடுத்து தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் சுண்டும்வரை ஈரல் வேகுமே தவிர முறுகாது. சுண்டிய பிறகுதான் ஓரம் கருகத் தொடங்கும். கிண்டி, தரமணிப் பக்கம் கல்லீரல் கட்டியை ரேடியோ அலையாலோ மைக்ரோவேவாலோ சுட்டழிக்கும் சிகிச்சைக்குக் கணினி மாதிரி உருவாக்கும் மாணவர்கள் எல்லோரும் வீட்டில் இந்த வரிசையைப் பார்த்தவர்கள்தான். ஆனால் மாதிரிக்குள் அதைக் கொண்டுவருவதில்லை.

அட்டவணையில் கல்லீரலின் வெப்பக் கடத்துத்திறன் சுமார் 0.5 வாட்/மீட்டர் கெல்வின் என்றும், தன்வெப்ப ஏற்புத்திறன் ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடேற்றச் சுமார் 3.6 கிலோஜூல் என்றும் இருக்கும். எண்களில் பிழையில்லை. அவை பச்சைத் திசுவுக்கு உரியவை, அவ்வளவுதான். சிகிச்சை ஊசியை ஒட்டிய இடமோ 100 டிகிரி செல்சியஸையும் தாண்டக்கூடும். அதற்கு வெகு முன்பே, 60 டிகிரி வாக்கில், புரதம் உறைந்து திசு சுருங்கத் தொடங்கிவிடுகிறது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே எண்ணைப் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

இதை உணர்ந்தவர்கள் அடுத்த தவறில் விழுகிறார்கள். திசுவில் பெரும்பங்கு நீர். நீரின் கடத்துத்திறன் அறை வெப்பநிலையில் 0.6, கொதிநிலை அருகே 0.68. திசுவும் ஏறத்தாழ அதே போக்கில் மெல்ல உயர்வதைப் பார்த்துவிட்டு, அந்த நேர்கோட்டை 120 டிகிரி வரை நீட்டிவிடுகிறார்கள். உண்மையில் 100ஐ நெருங்கும்போது நீராவி சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு நகர்ந்து, அங்கே மீண்டும் நீராகி, வெப்பத்தை இறக்கி வைக்கிறது. அதனால் அளந்து பெறும் மதிப்பு சட்டென்று ஏறுகிறது. நீர் தீர்ந்ததும் சரிகிறது. நீராவியின் கடத்துத்திறன் 0.025 அளவுதான். ஏறி இறங்கும் இந்த மேட்டை எந்த நேர்கோடும் காட்டாது.

நீர் ஆவியாகும் செலவை விட்டுவிடுவது இன்னும் மோசம். ஒரு கிராம் கல்லீரலை 37 டிகிரியிலிருந்து 100க்குக் கொண்டுபோகச் சுமார் 227 ஜூல் போதும். அதிலுள்ள நீரை 0.7 கிராம் என்று வைத்துக்கொண்டால், முழுவதையும் ஆவியாக்க ஏறக்குறைய 1,580 ஜூல் வேண்டும். ஏழு மடங்கு! இந்த உள்ளுறை வெப்பத்தைச் சேர்க்காத மாதிரி, திசு 100ஐத் தாண்டி விறுவிறுவென்று சூடேறுவதாகச் சொல்லும். அந்தப் படத்தை நம்பி ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம் சுட வேண்டும் என்று முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அவித்த முட்டை ஆறினால் பச்சை முட்டையாகுமா? பண்புகள் அந்தந்த நேர வெப்பநிலையை மட்டும் பொறுத்தவை என்று எழுதினால், திசு ஆறும்போது கணினி அதைப் பச்சையாக்கி, போன நீரையும் திருப்பித் தந்துவிடும். ஒவ்வொரு புள்ளியும் எட்டிய உச்ச வெப்பநிலையையும், அங்கே மிஞ்சியிருக்கும் நீரையும் நினைவில் வைக்கும்படி எழுத வேண்டும்.

இந்தப் பண்புகளைக் கடை ஈரலில் அளக்கும் வேலைக்கு வருவோம். ஏசி ஓடும் அறையில் மூடாத தட்டில் ஈரலை இரவு முழுக்க வைத்தால், சூடேற்றும் முன்பே மேற்பரப்பு காய்ந்துவிடும். நானே அப்படி ஒரு வாரத்து அளவீடுகளைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். உறைய வைத்து இளக்கிய ஈரலிலும் செல்கள் உடைந்து நீர் கசிந்திருக்கும். கடையிலிருந்து ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, அன்றைக்கே அளந்துவிடுங்கள். சூடேற்றுவதற்கு முன்னும் பின்னும் எடை போடுங்கள். இந்தச் சிறிய வேலையைச் செய்தால் நீரிழப்பு கையில் எண்ணாகக் கிடைக்கும். ஒரு முறை 90 டிகிரி கண்ட துண்டைப் பச்சைத் திசுவாக எண்ணி மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

கடை ஈரலில் ரத்த ஓட்டம் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. உயிருள்ள திசுவில் வெப்பம் பரவுவதைக் கணக்கிட பென்னஸ் 1948இல் தந்த சமன்பாட்டில் ரத்தம் கொண்டுபோகும் வெப்பத்துக்குத் தனிக் கணித உறுப்பு உண்டு. பலர் அதற்கு மாறிலி போட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உயிருள்ள திசுவை மிதமாகச் சூடேற்றினால் பொதுவாக ஓட்டம் கூடும், சூட்டில் புரதம் உறைந்த பகுதியில் நின்றே போகும். சூட்டால் திசு எவ்வளவு சேதமாகிறது என்று கணக்கிடும் அர்ரீனியஸ் சமன்பாட்டில் கெல்வினுக்குப் பதில் செல்சியஸைப் போடுவது இன்றும் நடக்கிறது. அலகைச் சரிபாருங்கள்.

கடைசியாக, சுருக்கம். சுட்ட ஈரலை வெட்டி, வெளுத்த வட்டத்தை அளவுகோலால் அளந்து, மாதிரியின் வட்டத்தோடு ஒப்பிடுகிறீர்கள். நீரை இழந்து இறுகிய அந்த வட்டம், அதே திசு பச்சையாக இருந்தபோது பிடித்திருந்த இடத்தைவிடச் சிறியது. கட்டியைச் சுற்றி 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை கூடுதலாகச் சுட வேண்டும் என்று மருத்துவர்கள் எதிர்பார்க்கும் சிகிச்சை இது. உங்கள் வட்டம் சுடுவதற்கு முந்தைய அளவா, பிந்தைய அளவா என்பதைப் படத்துக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.